தேன் சோப்பில் தேன் செய்யும் வேலை

எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைக்காமல், இரண்டும் கலக்கும்போது உள்ளே தானாகப் பிறக்கும் வெப்பத்தைக் கொண்டே சோப்பாக மாற்றி எடுக்கும் முறையைக் குளிர்முறைச் சோப்புத் தயாரிப்பு என்பர். பெரிய கொதிகலனோ இயந்திரமோ இதற்குத் தேவையில்லை. ஒரு துல்லியமான தராசு, இரண்டு எவர்சில்வர் பாத்திரங்கள், ஓர் அச்சு ஆகியவை இருந்தால் வீட்டுச் சமையலறையிலேயே செய்துவிடலாம் என்பதால், சுய உதவிக் குழுக்களும் வீட்டிலிருந்தே சிறுதொழில் நடத்துவோரும் இம்முறையையே பெரிதும் நாடுகின்றனர். குப்பைமேனி, ஆவாரம்பூ, நலங்குமாவு, ஆட்டுப்பால் என்று அவர்கள் சேர்க்கும் பொருள்களின் வரிசை நீண்டது. அவற்றுள் தேனுக்குத் தனி இடம் உண்டு. ஏனெனில் மற்றவை பெரும்பாலும் சோப்புக்குள் அடங்கி உட்கார்ந்துவிடுகையில், தேன் மட்டும் சோப்பு உருவாகும் போக்கையே மாற்றிவிடுகிறது. நிறம், சூடு, நுரை, அச்சுக்குள் கலவை நடந்துகொள்ளும் விதம் ஆகிய அனைத்திலும் அதன் கை இருக்கிறது. ஆனால் விற்பனை அட்டைகள் தேனைப் பற்றிச் சொல்வது ஒன்று, அச்சுக்குள் தேன் செய்வது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குச் சோப்பு எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்தத் தாவர எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் வேதியியல் நோக்கில் ஒரே அமைப்புடையவை: கிளிசரின் என்னும் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்திருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது கடைகளில் காஸ்டிக் சோடா என்று கேட்டு வாங்கப்படும் வன்காரம், இந்தப் பிணைப்புகளை அறுத்துக் கொழுப்பு அமிலங்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்போது அவை சோப்பாகின்றன. கிளிசரின் தனித்து வெளிப்படுகிறது. இந்த வினைக்குச் சோப்பாக்கல் என்று பெயர். மனிதர்கள் சாம்பல் நீரையும் கொழுப்பையும் சேர்த்துக் காய்ச்சிச் சோப்புச் செய்யத் தொடங்கிப் பன்னெடுங்காலம் ஆன பிறகே, பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரல் 1823இல் வெளியிட்ட நூலில் இந்த அமைப்பைத் தெளிவாக விளக்கினார். 102 வயதுவரை வாழ்ந்த அவர், தம் ஆய்வு உலகெங்கும் தொழிற்சாலைகளாக விரிந்ததைக் கண்ணாரக் கண்டவர். அவருக்கு முன்பே, 1791இல், நிக்கொலா லெப்லான் சாதாரண உப்பிலிருந்து சோடா உப்பு தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சாம்பலை நம்பியிருந்த சோப்புத் தொழில், காரத்தை மலிவாகவும் ஒரே தரத்திலும் பெறுவதற்கு அம்முறையே வழி திறந்தது. தமிழ்நாட்டில் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுக்கப் பயன்படுத்திவந்த உவர்மண்ணிலும் அழுக்கைப் போக்கியது இதே இனத்தைச் சேர்ந்த சோடாக் காரம்தான்.

பெரிய ஆலைகளில் சோப்பைக் கொதிக்க வைத்து உப்பிடும்போது கிளிசரின் தனியே பிரிந்துவிடும். அது மருந்துக்கும் அழகுப்பொருள்களுக்கும் நல்ல விலைக்குப் போகும். குளிர்முறையில் பிரிக்கும் வேலையே இல்லாததால், எண்ணெயின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிறக்கும் கிளிசரின் முழுவதும் கட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கைச் சோப்பு தோலை வறளச் செய்யாமல் இருப்பதற்கு முதன்மைக் காரணம் இதுவே; இந்தப் பெருமையைத் தேனுக்கு மாற்றி எழுதும் வழக்கம் பரவலாக இருப்பதால் இதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது.

எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு காரம் என்பதே இத்தொழிலின் உயிர்நிலை. ஒவ்வோர் எண்ணெயின் ஒரு கிராமையும் முழுமையாகச் சோப்பாக்கத் தேவைப்படும் காரத்தின் அளவைச் சோப்பாக்கல் எண் என்பர். காஸ்டிக் சோடாவைப் பொறுத்தவரை அது தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.183, ஆலிவ் எண்ணெய்க்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் எண்ணெயின் எண் இவ்வளவு உயர்ந்திருப்பதற்குக் காரணம், அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதி, சிறிய மூலக்கூறுடைய லாரிக் அமிலமாக இருப்பது. ஒரே எடையில் சிறிய மூலக்கூறுகள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் அவற்றைப் பிணைக்கக் காரமும் அதிகம் வேண்டும். அந்த லாரிக் அமிலமே கட்டிக்குக் கடினத்தையும் பொங்கும் நுரையையும் அழுக்கை வெட்டும் ஆற்றலையும் தருகிறது. அளவு மீறினால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. ஆலிவ் எண்ணெயின் ஒலியிக் அமிலம் மென்மை சேர்க்க, விளக்கெண்ணெயின் ரிசினோலியிக் அமிலம் எழுந்த நுரை உடனே அடங்காமல் தாங்கிப் பிடிக்கிறது.

தேங்காய் எண்ணெய் 200 கிராம், ஆலிவ் எண்ணெய் 250 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம் என்று அரைக் கிலோ எண்ணெயை எடுத்துக்கொண்டால், மேற்கண்ட எண்களால் பெருக்கும்போது முறையே 36.6, 33.75, 6.4 என்று மொத்தம் 76.75 கிராம் காரம் வருகிறது. இதை முழுமையாகச் சேர்ப்பதில்லை. அளவையில் நேரும் சிறு பிழை, எண்ணெய்க்கு எண்ணெய் உள்ள வேறுபாடு ஆகியவற்றை முன்னிட்டு நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து, ஏறத்தாழ 73 கிராம் காரமே எடுக்கப்படுகிறது. இதனால் சிறிது எண்ணெய் மாறாமல் கட்டியில் எஞ்சி நின்று தோலுக்கு இதமளிக்கும். அதைவிட முக்கியமாக, எஞ்சுவது எண்ணெயாக இருக்குமேயன்றிக் காரமாக இருக்காது. தண்ணீர் காரத்தைப் போல் இருமடங்கு, அதாவது 146 கிராம். இவை எல்லாம் எடைக் கணக்கு. கரண்டியாலும் டம்ளராலும் அளந்து சோப்புச் செய்வது விபரீதத்தில் முடியும். ஆலிவுக்குப் பதில் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சேர்க்க விரும்புவோர், அந்தந்த எண்ணெயின் எண்ணைக் கொண்டு கணக்கை மறுபடி போட்டாக வேண்டும்.

காரத்தைக் கரைப்பதில் மாற்றவே கூடாத ஒரு விதி உண்டு: தண்ணீரில் காரத்தைத் தூவ வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போது வெளிப்படும் வெப்பம் சில நிமிடங்களில் கரைசலை 80 பாகை செல்சியஸுக்கும் மேலே கொண்டுபோய்விடும் என்பதால், காரத்தின் மேல் ஊற்றிய சிறிது நீர் அந்த இடத்திலேயே கொதித்துத் தெறிக்கக்கூடும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்; ஆகவே எவர்சில்வரோ தடித்த பாலிபுரோப்பிலீன் பாத்திரமோ தவிர வேறு ஆகாது. கண்களைக் காக்கும் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, காற்றோட்டமான இடம், அருகில் குழந்தைகள் இல்லாமை ஆகிய எதிலும் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. தோலில் பட்டுவிட்டால் வினிகரைத் தேடி ஓடாமல், குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் கழுவுவதே சரி. கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தேன் வரும் கட்டம் இதற்குப் பிறகுதான். அரைக் கிலோ எண்ணெய்க்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி, எடையில் சொன்னால் ஏழு முதல் 15 கிராம் வரை, போதுமானது. மேலே சொன்ன கணக்குக்குப் பத்து கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைச் சூடான காரக் கரைசலில் நேரடியாக ஊற்றினால், கண்ணெதிரே ஆரஞ்சு நிறம் ஏறிக் கரும்பழுப்பாக மாறுவதோடு, கரைசல் திடீரெனச் சூடேறிப் பொங்கவும் கூடும். எனவே பழகியவர்கள் 146 கிராம் தண்ணீரில் 20 கிராமை முன்கூட்டியே தனியே எடுத்துவைத்து, அதில் தேனைக் கரைத்துக்கொள்கின்றனர். காரக் கரைசலும் எண்ணெயும் வழக்கமாக 40 பாகையளவில் சேர்க்கப்படும். தேன் சோப்புக்கு அது 30 முதல் 35 பாகைக்கு இறங்கியிருப்பது நல்லது. சென்னையிலோ மதுரையிலோ கோடைக்காலத்தில் அறையின் வெப்பமே அந்த அளவில் நிற்பதால், கரைசல் பாத்திரத்தைப் பனிக்கட்டி இட்ட நீரில் இறக்கி வைத்தே இதைச் சாதிக்க முடியும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட செய்முறைகளை அப்படியே பின்பற்றும் தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இரண்டையும் சேர்த்துக் கைப்பிளெண்டரால் விட்டு விட்டுக் கலக்கும்போது, எண்ணெயின் பளபளப்பு மெல்ல மறைந்து, கலவை வெளுத்துக் கெட்டிப்படத் தொடங்கும். கரண்டியால் எடுத்து மேலே ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே கரையாமல் சற்று நேரம் நிற்குமானால் தடப்பதம் வந்துவிட்டது என்று பொருள். பிரியாத அளவுக்கு எண்ணெயும் காரமும் கலந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். தோசை மாவுப் பதத்துக்குச் சற்று முன்பாகவே, தடம் இலேசாகத் தெரியத் தொடங்கும்போது, கரைத்துவைத்த தேன்நீரைச் சேர்த்து மேலும் கொஞ்சம் கலக்கி உடனே அச்சில் ஊற்ற வேண்டும். தேன் கலவையைக் கெட்டிப்படுத்தும் வேகத்தைக் கூட்டும் என்பதால், நறுமண எண்ணெய் எது, நிறம் எது என்று யோசித்துக்கொண்டு நிற்க அவகாசம் இராது.

அச்சில் ஊற்றிய பின் நடப்பது பார்க்கத் தக்கது. சோப்பாக்கல் வினை வெப்பத்தை வெளிவிடும் வினை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அச்சின் நடுப்பகுதி சூடேறி 70 பாகையைத் தாண்டும்போது, அங்கே சோப்பு வெண்மை இழந்து கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் கூழாக மாறி, அந்த வட்டம் விளிம்பை நோக்கி விரியும். இதனைக் கூழ்நிலை என்பர். இந்த நிலையைத் தேன் சீக்கிரம் வரவழைப்பதோடு, சூட்டையும் கூட்டிவிடுகிறது. தேனில் ஏறத்தாழ 38 விழுக்காடு ஃபிரக்டோஸும் 31 விழுக்காடு குளுக்கோஸும் இருக்கின்றன. வன்காரத்தில் இச்சர்க்கரைகள் ஒன்று மற்றொன்றாக மாறி, பின்னர் சிதைந்து, லாக்டிக் அமிலம் போன்ற சிறு அமிலங்களாகவும் பழுப்பு நிறப் பொருள்களாகவும் ஆகின்றன. இந்தச் சிதைவும் வெப்பம் தருவது. வெல்லம் காய்ச்சுவோர், பாகில் சுண்ணாம்பு அளவு மீறினால் அச்சுவெல்லம் கறுத்துப்போகும் என்று அறிந்து வைத்திருப்பதன் பின்னால் உள்ள வேதியியலும் இதுதான்.

சூடு கட்டுக்கு மீறினால் மூன்று விதமாகத் தெரியும். மேல்பரப்பு நீளவாட்டில் விரிந்து வெடிக்கும். அதுவும் மீறினால் நடுப்பகுதி உப்பி அச்சை விட்டு வழியும். தேன் சரியாகக் கலக்கவில்லையென்றால் கட்டியை வெட்டும்போது பழுப்புத் துளிகள் பிசுபிசுவென்று கசிந்து நிற்கும். முதலாவது அழகுக் குறைபாடு மட்டுமே. வழிந்ததைக் கையுறையோடு அள்ளி மீண்டும் அச்சில் சேர்த்துவிடலாம். ஆனால் கசிவு எந்தப் பொருளாலானது என்று கண்ணால் சொல்ல முடியாது. தேன்துளியாகவும் இருக்கலாம், பிரிந்து நின்ற காரக் கரைசலாகவும் இருக்கலாம். அத்தகைய கட்டியைப் பிஎச் (pH) தாளால் சோதிக்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. நல்ல கைச் சோப்பின் பிஎச் அளவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் நிற்க, 11ஐத் தாண்டுவது ஆபத்தான அறிகுறி. இவற்றையெல்லாம் தவிர்க்க எளிய வழி, சாதாரணச் சோப்பு அச்சைக் கம்பளியால் போர்த்துவதுபோல் தேன் சோப்பைப் போர்த்தாமல், காற்றோட்டத்தில் வைப்பது. சிறு அச்சானால் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைப்பதும் உண்டு. கலவை இன்னும் இளகியிருக்கும்போது மேலே குமிழ் நெகிழித்தாளை அழுத்தி வைத்து மறுநாள் உரித்தெடுத்தால் தேனடையின் அறைகள் போன்ற பதிவு கிடைக்கும். விற்பனைப் படங்களில் காணும் தேனடைக் கோலத்தின் இரகசியம் அவ்வளவே.

இவ்வளவு தொல்லைக்கு ஈடாகத் தேன் தருவது என்ன? முதலாவது நுரை. சர்க்கரை, சோப்பு நீரில் எளிதாகக் கரையத் துணைநிற்பதால் நுரை விரைந்தெழுகிறது. ஒளி ஊடுருவும் சோப்புகளில் சர்க்கரைப் பாகு சேர்ப்பது நெடுநாள் வழக்கம். இரண்டாவது நிறம்: சாயம் ஏதும் சேர்க்காமலே இளமஞ்சள் முதல் காபிப் பழுப்பு வரை, தேனின் அளவையும் கூழ்நிலையின் சூட்டையும் பொறுத்து அமைகிறது. மணத்தை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். தேனின் மலர்மணம் பெரும்பாலும் காரத்தில் அழிந்து, காய்ச்சிய பாகின் மெல்லிய வாசம் மட்டும் எஞ்சுகிறது. கடைத் தேன் சோப்பில் கமழும் தேன்மணம் நறுமணக் கலவையிலிருந்து வருவதே தவிரத் தேனீயிடமிருந்து வருவதில்லை.

மருத்துவக் குணம் பற்றிய உரிமைகோரல் இதைவிடப் பலவீனமானது. தேன் கிருமிகளைத் தடுப்பது உண்மைதான். ஆனால் அதற்கு அடிப்படை அதன் மிகுந்த சர்க்கரைச் செறிவு, பிஎச் அளவில் நான்குக்கு அருகில் நிற்கும் அமிலத்தன்மை, குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி சிறிது சிறிதாக உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவையே. வன்காரத்தில் நொதி செயலிழக்கிறது, அமிலம் நடுநிலையாகிறது, 700 கிராம் சோப்பில் கலந்த பத்து கிராமில் செறிவு என்று சொல்ல ஒன்றுமில்லை. தேனைக் காயத்தில் தடவும்போது கிடைப்பது தேன் சோப்பிலும் கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமிலம் காரத்தைத் தின்றுவிடுமே, கணக்கைத் திருத்த வேண்டாமா என்று சிலர் கவலைப்படுவதும் தேவையற்றது: பத்து கிராம் தேனிலுள்ள அமிலம் அதிகபட்சம் 20 மில்லிகிராம் காரத்தையே நடுநிலையாக்கும், சர்க்கரைச் சிதைவில் பிறக்கும் அமிலங்கள் சற்று அதிகம் எடுத்தாலும், காரம் குறையும் பக்கமே பிழை சாய்வதால் பாதகமில்லை.

இங்கே சற்றே வேடிக்கையான ஒரு விளைவும் உண்டு. டில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 13 வணிகத் தேன்களில் பத்து, சர்க்கரைப் பாகுக் கலப்படத்தைக் கண்டறியும் சோதனைகளில் தேறவில்லை. உண்பவருக்கு இது பெரிய அநியாயம். சோப்புக்கோ ஏறத்தாழ வேறுபாடே தெரியாது, ஏனெனில் காரம் தேடிப் பிடித்துச் சிதைப்பது சர்க்கரையைத்தானே தவிர, அது எந்த மலரிலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. ஆகவே அரிய மலைத்தேனைச் சோப்பில் ஊற்றுவது வீண்செலவு என்று தயங்காமல் சொல்லலாம். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் வழிநடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையத்தின் மூலம் பெட்டித் தேனீ வளர்ப்பு வேரூன்றிய மார்த்தாண்டம் வட்டாரத்தில், ரப்பர் மரங்கள் தளிர்க்கும் பருவத்தில் இலைக்காம்புச் சுரப்பிகளிலிருந்து தேனீக்கள் திரட்டும் தேன் பெருமளவில் கிடைக்கிறது. அத்தகைய சாதாரணத் தோட்டத்தேனே சோப்புக்குத் தாராளம். கிலோ 500 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொண்டாலும் பத்து கிராமின் விலை ஐந்து ரூபாய். அது ஏழு கட்டிகளுக்குப் பிரியும்போது ஒரு கட்டிக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. தேனைக் காரணம் காட்டி விலையை இருமடங்காக்கும் சோப்பை வாங்குவோர் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஓரிரு நாளில் அச்சிலிருந்து எடுத்து வெட்டிய கட்டிகளை நான்கு முதல் ஆறு வாரம் நிழலில், காற்றுப்படும்படி இடைவெளி விட்டு அடுக்கி வைக்க வேண்டும். வினை முதல் சில நாள்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிட்டாலும், மிகுதியான நீர் ஆவியாகிக் கட்டி இறுகுவதற்கு இந்தக் காலம் வேண்டும். இல்லையேல் குளியலறையில் குழைந்து கரைந்துவிடும். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது, தேனும் அப்படியே. எனவே ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கட்டிகளின் மேல் முத்து முத்தாக நீர் பூப்பது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று.

விற்பனைக்குச் செய்வோர் அறிய வேண்டிய சட்டநிலையும் ஒன்று உண்டு. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தில் அழகுப்பொருள் என்பதன் வரையறையிலிருந்து சோப்பு முன்பு விலக்கப்பட்டிருந்தது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டதால், வீட்டில் செய்தாலும் விற்பதற்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமம் தேவை. தேமலும் படையும் தீரும் என்று அட்டையில் அச்சிட்டால் அப்பொருள் அழகுப்பொருள் என்ற எல்லையைக் கடந்து மருந்துக்குரிய விதிகளுக்குள் சென்றுவிடும்.

புதிதாக இதில் இறங்குவோர் முதல் முறை தேன் இல்லாமலே செய்து, தடப்பதம் வர எவ்வளவு நேரமானது, அச்சின் நடுப்பகுதி எத்தனை பாகை வரை சூடேறியது என்று குறித்துக்கொள்வது நல்லது. அடுத்த முறை அதே எண்ணெய், அதே காரம், அதே அச்சு ஆகியவற்றோடு ஒரு தேக்கரண்டித் தேனை மட்டும் சேர்த்துச் செய்து, இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே அளவைக் கூட்ட வேண்டும்.